தொங்கிய வாலும் ஹாரன் மாமாவும்

என் மாமா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ரோட்டில் யாருக்கும் வழி விடாத பழக்கம் வீட்டிலும் தொடர்ந்தது. அவர் பேசும்போது குறுக்கே யாரும் வரக் கூடாது. அதனால் நாங்கள் அவருக்கு வைத்த பேர் ஹாரன் மாமா.

பிள்ளைகள் வேலைக்கென்று வெளியூர் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அத்தைக்கு வெள்ளாடு வளர்க்க ஆசை வந்தது. கேட்டு வாய் மூடுவதற்குள் மாமா சந்தைக்குப் போய் நான்கு குட்டிகளை லோடு ஆட்டோவில் ஏற்றி வந்துவிட்டார். அத்தை என்றால் அவருக்கு உயிர். அதை வாயால் சொல்லத்தான் வராது.

குட்டிகள் கொஞ்சம் வளர்ந்ததும் அத்தைக்குச் சந்தேகம் தட்டியது.

“ஏங்க, இது செம்மறி மாதிரி தெரியுது. வெள்ளாடுன்னா வாலைத் தூக்கிக்கிட்டு நிக்கும். இதுங்களுக்குத் தொங்குது பாருங்க. மேலுதட்டு நடுவுல கோடு வேற இருக்கு.”

“செம்மறின்னா உடம்பு பூரா கம்பளி இருக்கணும். இதுல எங்கடி இருக்கு?”

“கம்பளி இல்லாத செம்மறியும் உண்டுங்க.”

“வாலைப் பாத்தே டாக்டராயிட்டா!” என்று எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி மாமா சிரித்தார்.

வெள்ளாடாக இருந்தால் இந்நேரம் மதில்மேல் கால் வைத்து எதிர்வீட்டுச் செடியை மொட்டையடித்திருக்கும். இவை குனிந்த தலை நிமிராமல் புல் மேய்ந்தன. அத்தை அதையும் சொல்லிப் பார்த்தாள். பிறகு நமக்கேன் வம்பு என்று விட்டுவிட்டாள்.

மாமா வெள்ளாட்டுக்கென்று விற்கிற சத்துப் பொடியை வாங்கித் தினமும் தீவனத்தில் கலந்தார். பாசம் பொங்கும் நாளில் ஒரு பிடி கூடவே விழும். அதில் தாமிரம் அதிகம். வெள்ளாடு ஓரளவு தாங்கும், செம்மறிக்கோ அது ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். எங்கள் யாருக்கும் இது தெரியாது. மழை தொடங்கிய சமயம் ஆடுகளின் கண் மஞ்சளானது, மூத்திரம் சிவப்பாகப் போனது. அடுத்தடுத்து மூன்று செத்தன. மிஞ்சிய ஒன்றின் உதட்டைப் பிடித்துப் பார்த்த கால்நடை டாக்டர், “செம்மறிக்கு எதுக்குய்யா இந்தப் பொடி?” என்றார்.

மாமா முகத்தில் ஈயாடவில்லை. அத்தை திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை, கொட்டகைப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று என்னிடம் புலம்பினார்.

போன வாரம் அந்த ஒற்றை ஆட்டைச் சமையலறை வாசல்வரை இழுத்து வந்து நின்றார்.

“நீ சொன்னதுதான்டி சரி. உதட்டுல கோடு இருக்கு. வந்து பாரேன்.”

அத்தை பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“நான் பாக்கச் சொன்னப்போ நாலும் உயிரோட இருந்துச்சுங்க.”