பிரேக்கை விடாத அத்தான்

என் அக்கா கணவர் இருபத்தாறு வருடமாக ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். ஊருக்கு அவர் ‘சைரன்’, எனக்கு அத்தான். அவர் குரல் எட்டு ஊருக்குக் கேட்கும். அப்பேர்ப்பட்டவர் இரண்டு வாரமாக வாயே திறக்கவில்லை.

மருத்துவமனைக்குப் புது வண்டிகள் வந்திருந்தன. ஓட்டுவதற்கு முன் ஒரு சோதனை: ஈரத் தரையில் வேகமாக வந்து, சடாரென்று பிரேக் போட்டு, குறுக்கே நிற்கும் பீப்பாய்களைச் சுற்றிப் போய் நிறுத்த வேண்டும். அத்தான் இரண்டு முறை பீப்பாயை முட்டினார். மூன்றாவதும் முட்டினால் ஸ்டோர் ரூமில் சிலிண்டர் உருட்ட வேண்டியதுதான்.

நான் துருவிக் கேட்டதும், “வண்டிலதான் கோளாறு. மிதிச்சா பெடல் கடகடன்னு உதைக்குது,” என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் பிரேக் மெக்கானிக். அந்த வண்டிகளைச் சோதித்து அனுப்பியதே நான்தான்.

“கோளாறு உங்க கால்ல, அத்தான். பட்டறைக்கு வாங்க.”

அங்கே நின்ற புது வண்டி ஒன்றில், பிரேக்கை இயக்கிச் சோதிக்கும் ஸ்கேனரைச் செருகினேன். அவரைக் குனியச் சொல்லி, பெடலைக் கையால் அழுத்த வைத்து, ஸ்கேனர் பொத்தானைத் தட்டினேன். பெடல் துடித்தது. பதறிக் கையை எடுத்தார்.

“பாத்தீங்களா? ரோட்லயும் இதையேதான் செய்றீங்க.”

பழைய வண்டியில் ஓங்கி மிதித்து, சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டால் வழுக்கும், ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. அதனால் விட்டு விட்டு மிதிப்பது அவர் ரத்தத்தில் ஊறிய பழக்கம்.

“இப்ப அந்த வேலைய வண்டியே பாத்துக்குது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் சென்சார் இருக்கு. எது பூட்டப் போகுதோ அதோட பிரேக்க மட்டும் விட்டு விட்டுப் பிடிக்கும், நொடிக்குப் பல தடவை. அதான் பெடல் உதைக்குது. நீங்க மிதிச்ச கால எடுக்காம ஸ்டீயரிங்கத் திருப்புங்க, போதும்.”

“அப்ப இது என் வேலையத்தான் செய்யுதா?”

“உங்களவிட நல்லா.”

முறைத்தார். ஆனாலும் மறுபடி கையை வைத்தார். இந்த முறை எடுக்கவில்லை.

மூன்றாவது சோதனைக்கு அக்காவும் வந்தாள். ஈரத் தரையில் வண்டி சீறி வந்தது. அத்தான் ஓங்கி மிதித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கை ஒடித்தார். வண்டி பீப்பாய்களைச் சுற்றிப் போய் நின்றது. ஒரு பீப்பாய்கூட அசையவில்லை! நான் விசிலடித்தேன், அழுதும்விட்டேன். அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

அத்தான் இறங்கவே இல்லை. “சார், இன்னொரு தடவை ஓட்டிக்கட்டுமா?” என்று கேட்டு, அக்காவை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டார். அவள் அலறிய அலறலில் அதிகாரி காதைப் பொத்தினார். வண்டி நின்றது.

“இதுக்கா ரெண்டு வாரமா சரியா சாப்பிடாம கெடந்தீங்க?” என்றாள் அக்கா.

“ஓட்டறதத் தவிர எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு?”

அக்கா அவரையே பார்த்தாள். பிறகு சீட் பெல்ட்டை இறுக்கிக்கொண்டாள்.

“இன்னொரு ரவுண்டு போங்க.”