இறந்தகாலத்தில் ஒரு தார்ப்பாய்

சேலத்தில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் பல வருடங்கள் பிறர் எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்தேன். பக்கங்கள் குறைந்தன, மேசையில் ஆட்களும் குறைந்தார்கள். அதன் பிறகு ஒரு தார்ப்பாய்க் கடைக்கு எழுதப் போனேன்.

கடை சங்ககிரியில், நெடுஞ்சாலையைப் பார்த்தபடி இருக்கிறது. லாரிக்காரர்கள் மட்டுமே வாங்கிவந்த கடை. கடைக்காரர் வீட்டுக்கு வந்த மருமகள், கடைக்கு மேலே இருந்த அறையில் ஒரு கணினியை வைத்து இணையத்தில் விற்க ஆரம்பித்திருந்தாள். களத்தில் சோளம் காயப்போட, மாட்டுக் கொட்டகையில் சாரல் அடிக்காமல் மறைக்க, கோழிப்பண்ணைக்குப் பக்கவாட்டுப் படுதா கட்ட என்று தார்ப்பாய்க்கு வேறு உபயோகங்களும் உண்டு. அதற்கெல்லாம் வாங்குகிறவர்கள் சங்ககிரி வரை வரமாட்டார்கள் என்பது அவளுடைய கணக்கு. கணக்கு சரியாகவே இருந்தது. பெங்களூரில் பார்த்த வேலையைக் கல்யாணத்துக்காக விட்டுவந்தவள். மாடி அறைக்கு அவளே வெள்ளையடித்ததாகச் சொன்னாள்.

என் வேலை, ஒவ்வொரு தார்ப்பாயைப் பற்றியும் நாலு வரி எழுதுவதும், வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்குப் பதில் போடுவதும். அதை சேலத்தில் என் வீட்டிலிருந்தே செய்தேன். வெட்டுவது, தைப்பது, பொட்டலம் கட்டுவது எல்லாம் ஆட்டையாம்பட்டியில், முன்பு விசைத்தறி ஓடிய ஒரு கொட்டகையில் நடந்தது. அதற்குப் பொறுப்பானவர் ஐம்பதை நெருங்கியவர். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். தறிகள் போய்விட்டன, குரல் அப்படியே இருந்தது. அவரிடம் பேசும்போது போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளியே பிடித்துக்கொள்வேன்.

ஒரு ஆர்டர் வந்தால் மருமகள் அவரைக் கூப்பிடுவாள், அவர் எடுக்கமாட்டார், என்னைக் கூப்பிடுவாள், நான் அவரைக் கூப்பிடும்போது அவர் அவளுடன் பேசிக்கொண்டிருப்பார். இது கொஞ்ச காலம் ஓடியது. பிறகு, குழுவாக வேலை செய்கிறவர்களுக்கான ஒரு செயலியை அவள் மூவர் போனிலும் ஏற்றினாள். அதில் ஒரு பலகை. பலகையில் ஐந்து கட்டங்கள். ஒவ்வொரு ஆர்டரும் ஒரு சீட்டு. வேலை நகர நகர, சீட்டை விரலால் அடுத்த கட்டத்துக்குத் தள்ள வேண்டும். நான்காவது கட்டத்துக்குப் போனதும் விற்பனைத் தளத்துக்குத் தானாகவே தகவல் போய்விடும்: பொட்டலம் தயார். உடனே கூரியர் வண்டி ஆட்டையாம்பட்டிக்குக் கிளம்பும்.

கட்டங்களுக்குப் பெயர் வைத்த நாளில் மூவரும் வீடியோவில் இருந்தோம். அவள் முதலில் வைத்தவை: வந்தது, வெட்டியது, தைத்தது, கட்டியது, போனது.

"ஏனுங்க அம்மிணி, போனதுன்னு போடாதீங்க," என்றார் கொட்டகைக்காரர். "ஊட்ல ஆரோ போய்ச் சேந்தாப்பல இருக்குது."

"அப்பறம் என்னன்னு போடறதுங்க?"

"கெளம்பியாச்சுன்னு போடுங்க. எல்லாத்துக்குமே ஆச்சு போட்டுருங்க. கேக்கறதுக்கு நல்லா இருக்கும்."

வந்தாச்சு, வெட்டியாச்சு, தைச்சாச்சு, கட்டியாச்சு, கெளம்பியாச்சு என்று எழுதினாள். பழக்கதோஷத்தில் நான் கடைசியை 'கிளம்பியாச்சு' என்று திருத்தினேன். அன்றிலிருந்து அவருக்கு நான் டீச்சர்.

பலகை நன்றாகவே வேலை செய்தது. யாரும் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சேலத்தில் காபி குடித்தபடி, ஆட்டையாம்பட்டியில் ஒரு தார்ப்பாய் வெட்டப்பட்டதைப் பார்த்துக்கொண்டிருக்க முடிந்தது. பிறகு கூரியர்காரரிடமிருந்து முதல் புகார் வந்தது: போனேன், பொட்டலம் இல்லை. மருமகள் கொட்டகைக்குப் போன் போட்டாள். நானும் அந்த அழைப்பில் இருந்தேன்.

"கட்டியாச்சுன்னு போட்டிருக்குதுங்களே?"

"ஆமாங்க. கட்டியாச்சு."

"கூரியர்காரரு கைக்கு வரலைன்னு சொல்றாருங்க."

"எப்படிங்க வரும்? இன்னும் தைக்கோணுமல்ல?"

அவர் குரலில் தடுமாற்றமே இல்லை. அவரைப் பொறுத்தவரை இதில் முரண்பாடு எதுவும் கிடையாது. வேலையைக் கையில் எடுத்தாயிற்று, இனி முடிந்த மாதிரிதான். கேட்கிறவருக்கு ஆச்சு என்று சொல்வது மரியாதை. இன்னும் ஆகவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதுதான் அவர் பார்வையில் குற்றம்.

நாம் எல்லோரும் செய்வதுதான். வீட்டில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே போனில் "வந்துட்டேன்" என்கிறோம். பள்ளியில் இதைக் காலவழுவமைதி என்று படித்தோம். விரைவைக் காட்ட, வரப்போவதை வந்ததாகச் சொல்லலாம், தப்பில்லை. செய்தி மேசையிலும் இது உண்டு. மாலையில் நடக்க இருக்கும் விழாவைப் பற்றி மத்தியானமே 'திறந்து வைத்தார்' என்று எழுதி அனுப்பும் நிருபர்கள் இருந்தார்கள். போனில் பேசும்போது இதனால் தொந்தரவு வந்ததில்லை. "ஆச்சுங்ங்க" என்று இழுத்தால் ஆகவில்லை; "ஆச்சு" என்று வெட்டினால் ஆகிவிட்டது. இந்த வித்தியாசம் எல்லோர் காதுக்கும் தெரியும். பலகையில் இழுப்புக்கு இடமில்லை. செயலி இலக்கணத்தில் வழுவை மட்டும் தெரிந்துகொண்டு அமைதியைத் தெரிந்துகொள்ளவில்லை.

இதே மாதிரி இன்னும் சில முறை நடந்தது. விற்பனைத் தளத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. தயார் என்று சொல்லிவிட்டுப் பொட்டலம் கொடுக்காத கடைகளின் கணக்கு முடக்கப்படும். அடுத்த ஒரு மாதம் உங்கள் கணக்கு கண்காணிப்பில் இருக்கும். அவள் அதைத் தமிழில் மாமனாரிடம் படித்துக்காட்டினாள். அவர் கல்லாவில் உட்கார்ந்தபடி கேட்டார்.

"கட்டியாச்சுன்னு சொல்லிப்போட்டுக் கட்டலைன்னு எழுதியிருக்கான். அப்படித்தான?"

"ஆமாங்க மாமா."

"இன்னொருக்கா இப்படி வந்துதுன்னா மூடிப்போடு அம்மிணி. கீழ கயிறு அடுக்கறதுக்கு எடம் பத்தாமக் கெடக்குது, அந்த மேல் ரூமு ஆகும்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவள் பயந்தாள். எனக்கு அன்று மாலை போன் செய்தாள். "அந்த ரூம் போச்சுன்னா எனக்கு இந்த ஊட்ல அடுப்படி மட்டுந்தான் அக்கா," என்றாள். அழவில்லை, ஆறுதல் கேட்கவும் இல்லை. அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டாள்.

முதலில் செய்தது, போட்டோ. கட்டி முடித்த பொட்டலத்தைப் படம் எடுத்துப் போட்ட பிறகே சீட்டைத் தள்ள வேண்டும் என்று விதி வைத்தாள்.

"என்ற பேச்சு மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்றார் அவர். "போலீஸ் ஸ்டேஷன்லதானுங்க போட்டோ கேப்பாங்க."

கேட்டாரே தவிர, படம் அனுப்பினார். மடித்த தார்ப்பாய்க்குப் பக்கத்தில் தானும் நின்று, தலை வாரி, சிரித்தபடி. பின்னால் இன்னும் சில மடிப்புகள். எல்லாம் நீலம். எந்த ஆர்டருக்கு எந்த நீலம் என்று சொல்ல வழியில்லை. டீச்சரு இதுக்கு எத்தன மார்க் போடுவாங்க என்று கீழே ஒரு வரி எழுதியிருந்தார். விதியை இரண்டே நாளில் கைவிட்டோம்.

பிறகு நேரிலேயே போனோம். நான் சேலத்திலிருந்து பஸ்ஸில் போய் இறங்கினேன். அவள் சங்ககிரியிலிருந்து ஸ்கூட்டரில் வந்தாள். கொட்டகைக்குள் ஐந்தாறு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். எங்களுக்கு டீ சொல்லிவிட்டு, கொட்டகைக்காரர் மிஷின் ஓட்டிய பெண்ணைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"அந்தக் கோழிப்பண்ணை படுதா ஆச்சா?"

"ஆச்சுங்கண்ணா," என்றாள் அந்தப் பெண், ஓரத்தை ஊசிக்கு அடியில் தள்ளிக்கொண்டே.

அவர் தலையாட்டினார். அடுத்த கேள்வியையும் அதே மூச்சில் கேட்டார்.

"எங்க இருக்குது?"

"மிஷின்லதானுங்."

"அப்பச் செரி, பொழுதோட வரட்டும்."

யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. முதல் கேள்வி மரியாதைக்கு, இரண்டாவது தகவலுக்கு. அங்கே உட்கார்ந்திருந்த நேரத்தில் இன்னும் இரண்டு முறை இப்படிக் கேட்டார். இரண்டு முறையும் முதல் பதில் ஆச்சு, இரண்டாவது பதிலில் பொருள் நிஜமாகவே இருந்த இடம். எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு அங்கே யாரும் மரியாதைக்காகப் பதில் சொல்வதில்லை. கண்ணெதிரே கிடக்கும் பொருளை வேறிடத்தில் இருப்பதாகச் சொல்ல எந்த மரியாதையும் இடம் கொடுப்பதில்லை.

நான் இதை மருமகளிடம் சொன்னேன். டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் ஒரு தார்ப்பாய் உருளையின் மேல் உட்கார்ந்து, போனை எடுத்து, ஐந்து கட்டங்களின் பெயரையும் அழித்துப் புதிதாக எழுதினாள்: உருளையில, மேசையில, மிஷின்ல, தராசுல, கதவுகிட்ட. வெட்டும் மேசை, தைக்கும் மிஷின், பொட்டலத்தை எடை போடும் தராசு என்று எல்லாம் இடங்கள், வினைச்சொல்லே இல்லை. சீட்டு கதவுகிட்ட வந்தால்தான் தளத்துக்குத் தகவல் போகும்.

கொட்டகைக்காரர் எட்டிப் பார்த்தார். "இதென்னுங்க, பஸ் ஸ்டாப்பாட்ட இருக்குது."

"பஸ்ஸு நிக்காத எடத்துல நின்னுதுன்னு சொல்லமாட்டீங்கல்ல?"

"அதெப்படிங்க சொல்றது?" என்றார். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

மழை பிடித்தது. ஆர்டர்கள் கூடின. ஜேடர்பாளையம் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவருக்குப் போக வேண்டிய படுதா, கூரியர் வண்டி கிளம்ப வேண்டிய மத்தியானத்தில் மிஷின்லயே நின்றது. மாதக் கூட்டத்துக்காக நான் அன்று சங்ககிரி மாடி அறையில் இருந்தேன். பழைய பலகையாக இருந்திருந்தால் அது கட்டியாச்சு என்று காட்டியிருக்கும், வண்டி கிளம்பியிருக்கும், இரண்டாவது எச்சரிக்கையும் வந்திருக்கும். அவள் தளத்தில் வண்டியை மறுநாளுக்குத் தள்ளினாள். பிறகு பண்ணைக்காரரைக் கூப்பிட்டாள்.

"உங்க படுதா இன்னைக்குக் கெளம்பாதுங்க. இன்னும் தைச்சு முடியலீங்க."

"என்னுங்க இது? மேகம் கட்டிட்டு நிக்குது."

"நாளைக்குக் கண்டிப்பா ஏத்திருவோமுங்க."

 அந்தப் பக்கம் கோழிகளின் சத்தம் கேட்டது. "செரி, இன்னைக்கு வராதுன்னு தெரிஞ்சுதல்ல. பழசையே இழுத்துக் கட்டிக்கிறேன்," என்று வைத்துவிட்டார்.

திரும்பினால், மாடிப்படியின் மேல்முனையில் மாமனார் நின்றிருந்தார். எதற்காகவோ ஏறி வந்தவர், அது என்னவென்று கடைசிவரை சொல்லவில்லை.

"முடியலைன்னா சொன்ன?"

"ஆமாங்க மாமா. முடியலீங்களே."

"இத்தன வருசத்துல இந்தக் கடைல ஆரும் அப்படிச் சொன்னதில்ல. ஆச்சுன்னு சொல்லி ஒரு டீ வாங்கிக் குடுத்தா, ஆகற வரைக்கும் ஆளு உக்காந்திருப்பான்."

"அவங்க இங்க இல்லீங்க மாமா. பண்ணையில இருக்கறவருக்கு நான் எப்படிங்க டீ வாங்கிக் குடுக்கறது?"

அவள் கிண்டலாகக் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்தார், சிரிக்கிறேனா என்று சோதிப்பதுபோல. நான் கணினியைப் பார்த்தேன். இறங்கிப் போய்விட்டார். அதன் பிறகு பல நாட்கள் சாப்பாட்டு நேரத்தில்கூட அவளிடம் பேசவில்லை என்று பின்னால் தெரிந்தது.

கண்காணிப்பில் இருந்த மாதம் முடிந்தது. கணக்கு வழக்கமான நிலைக்குத் திரும்பியது என்று தளத்திலிருந்து தகவல் வந்தபோது அடுத்த கூட்டத்துக்கு வந்திருந்தேன். அவள் போனை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். நானும் பின்னால் போனேன். கல்லாவுக்கு முன்னால் ஒரு லாரி உரிமையாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பெஞ்சில் குடித்து முடித்த டம்ளர்கள் இருந்தன.

"சரியாயிருச்சுங்க மாமா," என்றாள். "புகார் ஒண்ணும் இல்லீங்க."

மாமனார் செய்தியைக் கேட்டார். லாரி உரிமையாளரைக் கையால் காட்டினார்.

"இவரு தார்ப்பாய் எங்க இருக்குதுன்னு அதுல பாரு."

"கடை ஆர்டரு இதுல இல்லீங்க மாமா. ஆன்லைன்ல வர்றது மட்டுந்தானுங்க."

"காத்தால இருந்து ஆச்சு ஆச்சுங்கறாங்க," என்றார் லாரி உரிமையாளர், என்னிடம். "எனக்குத் திருச்செங்கோடு போய் லோடு ஏத்தோணும்."

மாமனார் மேசையைத் துடைப்பதுபோலக் கையை ஒருமுறை ஓட்டினார்.

"அப்ப இதையும் ஏத்து அம்மிணி. கடைல வர்றதையெல்லாம் ஏத்து."

"மேலே போய் ஏத்தறேனுங்க."

"எதுக்கு மேல? இங்கயே நின்னு ஏத்து. மேல இருக்கறது மேலயே இருக்கட்டும்."

கயிறு பற்றி அவர் பேசவில்லை. அவள் கொட்டகைக்குப் போன் போட்டு, எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். மேசையில என்று பதில் வந்தது; இன்னும் தைக்கவே ஆரம்பிக்கவில்லை. லாரி உரிமையாளர் திருச்செங்கோட்டுக்கு முதலில் போய் வந்துவிடுவதாகச் சொல்லிக் கிளம்பினார். கிளம்பும் முன் நீளத்தையும் அகலத்தையும் சொல்ல, அவள் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே அதைப் பலகையில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.