சொல்லாமல் போட்ட வேட்டு

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்தினேன். அமெரிக்க வெளியுறவுக் கொள்கை என் தலையில் கட்டப்பட்ட பாடம். அணுகுண்டை வைத்துக்கொண்டு அந்த நாடு எப்படி மிரட்டுகிறது, தன்னிடம் மலையாகக் குவித்துவைத்துவிட்டு அடுத்தவன் ஒன்று செய்தால் ஏன் குதிக்கிறது என்று பகலெல்லாம் தொண்டை கிழியக் கத்திவிட்டு, சாயங்காலம் பஸ் பிடித்து ஆற்றங்கரை ஊருக்குத் திரும்புவேன். அங்கே என் தம்பி அதே பாடத்தைச் செய்முறையாக நடத்திக்கொண்டிருந்தான்.

எங்கள் ஊரில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு. நாங்கள் மேலத்தெரு. முந்தைய வருஷச் சாதிச் சண்டையில் இரண்டு பக்கமும் அரிவாளுக்கு ஆள் போனது. அதன் பிறகு இரண்டு பக்கமும் நாட்டு வெடிகுண்டு சேர்த்துவைத்தார்கள். எங்கள் பக்கத்துக் குண்டுகள் ஒரு மண்பானையில், எங்கள் வாழைத்தோப்பில், சருகுக்கு அடியில் இருந்தன. காவல் என் தம்பி.

“ஆத்துல கொண்டு போட்டுத் தொலைலே” என்றேன்.

“அது போடுததுக்கு இல்லக்கா. நம்மகிட்ட இருக்குன்னு அவனுவளுக்குத் தெரிஞ்சாப் போதும். கிட்ட வரமாட்டானுவ.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று காலையில்தான் ஏறக்குறைய அதே வாக்கியத்தை, கொஞ்சம் நல்ல தமிழில், மாணவிகளுக்கு நோட்ஸாகச் சொல்லியிருந்தேன். வகுப்பில் அது கொள்கை. வீட்டில் அது என் ஒரே தம்பியின் உயிர்.

தாசில்தார் சமாதானக் கூட்டம் போட்டார். முதலில் அவர்கள் ஒப்படைக்கட்டும் என்று இவர்களும், இவர்கள் ஒப்படைக்கட்டும் என்று அவர்களும் சொன்னார்கள். குண்டு கூடவே கூடாது என்று புத்தி சொன்னவர் பண்ணையார். அவர் வீட்டுச் சுவரில் இரட்டைக்குழல் துப்பாக்கி தொங்கியது. கேட்டால், “அதுக்கு லைசென்ஸ் இருக்கு வே” என்றார். இவரல்லவா எங்கள் ஊர் அமெரிக்கா என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். எல்லோரும் முறைத்தார்கள்.

கூட்டத்தில் உருப்படியாக முடிவானது ஒன்றே ஒன்று. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் வழக்கமாக அதிர்வேட்டு போடுவோம். சத்தத்தில் அதற்கும் குண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் வேட்டு போடுமுன் பஸ் நிறுத்தத்து டீக்கடை அண்ணாச்சியிடம் சொல்லிவிட வேண்டும். அவர் இரண்டு தெருவையும் சேராதவர். சைக்கிளை எடுத்துக்கொண்டு எதிர்த்தெருவுக்குப் போய், “வேட்டு போடப்போறாவ, பயப்படாதிய” என்று சொல்லிவிட்டு வருவார். வல்லரசுகள் இதற்கென்று தனி டெலிபோன் வைத்திருந்தன. எங்களுக்கு அண்ணாச்சி.

தொண்ணூற்றெட்டு மே மாதம், நம் நாடு பாலைவனத்தில் அணுகுண்டு வெடித்ததாக ரேடியோ சொன்னது. தம்பியும் அவன் கூட்டாளிகளும் ஆடித் தீர்த்தார்கள். கோயில் அறையில் மிச்சமிருந்த அதிர்வேட்டை எடுத்து வரிசையாக நட்டார்கள். அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. அது கொடைக்குத்தானே, இன்று கொடை இல்லையே!

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். முதல் வேட்டுக்கே ஜன்னல் ஆடியது. மேலத்தெரு ஆரம்பித்துவிட்டது என்றுதான் கீழத்தெரு நினைத்தது. வேறென்ன நினைப்பார்கள்?

விஷயம் புரிந்தவர் அண்ணாச்சி ஒருவர்தான். யாரும் சொல்லாமலே சைக்கிளில் ஏறி, “வேட்டுதாம்லே! வெறும் வேட்டுதாம்லே!” என்று கத்திக்கொண்டே கீழத்தெருவைப் பார்த்து மிதித்திருக்கிறார். அங்கிருந்து வந்த முதல் குண்டு அவர்மேல் விழுந்தது. நான் ஓடிப்போனபோது நடுரோட்டில் கிடந்தார். இடுப்புக்குக் கீழே பார்க்கும்படி ஒன்றும் இல்லை. வாய் மட்டும் அசைந்து, நின்றது.

பிறகு ஊரே வெறிபிடித்தது. வைக்கோல்போர் எரிந்தது. ஒருவனைக் கோயில் வாசலிலேயே வெட்டினார்கள். தோப்புக்கு ஓடிய தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். “அவங்க தப்பா நினைச்சிட்டாங்கலே! போய்ச் சொல்லுலே!” சட்டை கிழிந்து கையோடு வந்தது. அவன் போய்விட்டான். முதல் குண்டைக் கீழத்தெரு முகப்பில் எறிந்தான். இரண்டாவது, ஓங்கிய கையிலேயே வெடித்தது.

பெரியாஸ்பத்திரியில் அவன் வலது கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள். காய்ச்சல் இறங்காமல் கிடந்தான். பிழைப்பானா என்று கேட்டால் டாக்டர் மேலே பார்த்தார். அடுத்த கட்டிலில் கீழத்தெருக்காரர் ஒருவர், கண் இரண்டும் கட்டியிருந்தது. தம்பியின் முதல் குண்டு. இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு ஒரு போலீஸ்காரர். வராந்தா ரேடியோவில், இந்தியாவுக்குப் பொருளாதாரத் தடை என்று அமெரிக்கா அறிவித்த செய்தி ஓடியது.

“அவன்கிட்ட இல்லாததா? நம்மளச் சொல்ல வந்துட்டான்” என்றார் போலீஸ்காரர். யாரும் சிரிக்கவில்லை.

காய்ச்சல் விட்ட அன்று தம்பி தண்ணீர் கேட்டான். குரல் வந்த பக்கம் அந்த மனிதர் தலையைத் திருப்பினார்.

“மேலத்தெருப் பையனா?”

“ஆமா.”

“வேட்டுன்னு ஒரு வார்த்த சொல்லிவிட்டிருக்கக் கூடாதாடே?”

“கொடை இல்லைல்லா. தோணல.”

அவர் கண் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“சரி. அடுத்த கொடைக்கு யாருட்டடே சொல்லிவிடுவிய?”

கை போனதற்குக்கூட அழாத என் தம்பி அப்போதுதான் அழுதான்.