ஊர் என்ற ஒரு வரி

என் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போன அன்று, ஹட்டன் அச்சகத்தில் அப்பா இருந்தார், பெண்ணின் தகப்பனாரான மாமா இருந்தார், எல்லோரும் 'நானா' என்று கூப்பிடும் அச்சக முதலாளி இருந்தார், துணைக்கு வந்த என் சிநேகிதன் சோமபாலவும் இருந்தான். மணப்பெண் இல்லை, அது வழக்கம். எங்கள் பாட்டன்மார் இலங்கைக்கு வருமுன் வாழ்ந்த தமிழ்நாட்டு முசிறியைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. சண்டை வந்ததோ முசிறியைப் பற்றி.

இன்று காலை ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. மூலைகளில் தடவிய மஞ்சள் வாசனை இன்னும் போகவில்லை. என் மனைவி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னங்க, ஊரே போடலியே?" என்றாள். தோட்டத்துப் பெயர் மட்டும்தான் இருந்தது. எனக்கு மஞ்சள் வாசனை மறைந்து, நானா கடையின் அச்சு மை மூக்கில் ஏறிக்கொண்டது.

அப்போது டயகமத் தோட்டப் பள்ளியில் எனக்கு வாத்தியார் வேலை கிடைத்திருந்த புதிது. எங்கள் குடும்பத்தில் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அந்தக் கர்வத்தில் பத்திரிகையை நானே எழுதி, அச்சகத்தில் உரக்க வாசித்தும் காட்டினேன். 'டயகமத் தோட்டம்' என்ற இடத்தில் மாமா கையை உயர்த்தினார்.

"நில்லுங்க மாப்ள. ஊரு எங்க?"

"டயகமதானே மாமா."

"அது தோட்டம். வேலைக்கு வந்த எடம். நான் ஊரக் கேக்குறேன்."

அப்பா குரலைத் தாழ்த்தினார். "சம்மந்தி, பிரஜாவுரிமைக்கு மனு போட்டிருக்கேன். முசிறின்னு அச்சடிச்ச காகிதம் ஆபிசர் கையில கெடச்சா, அங்கயே போய்க்கன்னுருவான்."

நானுஓயா ஸ்டேஷனில் வேலை பார்த்த சோமபாலவுக்குப் பாதித் தமிழ்தான் தெரியும். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டான். சிங்களத்தில் ஊருக்குக் 'கம' என்பார்கள். அவனுக்குக் கம என்றால் பிறந்த வீடு, அப்பாவின் வயல், புத்தாண்டுக்குப் பெட்டியோடு போய் இறங்கும் இடம்.

"மச்சாங், நீ பொறந்தது டயகம. பேரிலேயே கம இருக்குதானே! வேற என்ன தேடுறது?"

நானும் சும்மா இருக்கவில்லை. என் இங்கிலீஷ் பாடப்புத்தகத்தில் 'வில்லேஜ்' என்ற சொல்லுக்கு ஒரு மாதா கோயில், ஒரு குளம், அதில் சில வாத்துகள் என்று படம் போட்டிருந்தது. அதைச் சபையில் விளக்கத் தொடங்கினேன்.

"மாப்ள, வாத்தெல்லாம் நமக்கு வேணாம்" என்றார் மாமா. "நம்ம சாமி எங்க இருக்கோ அதான் ஊரு. நான் பாத்ததில்ல, எங்கப்பன் பாத்திருக்காரு. அதப் போடாம எங்க சனத்துக்கு எப்பிடிப் பத்திரிக குடுப்பேன்? ஊரு பேரு தெரியாதவனுக்குப் பொண்ணக் குடுத்துட்டான்னு பேசுவாங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். பெண்ணை நான் இரண்டு தடவைதான் பார்த்திருந்தேன். மூன்றாவது தடவை இனி இல்லையோ என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நானாதான் காப்பாற்றினார். ஈய எழுத்துகளை அடுக்கிக்கொண்டே, "என்னத்துக்கு மல்லுக்கு நிக்கிறீங்க? முசிறிய வச்சு நூறு அடிப்பம். பொறகு அந்த ஒரு வரியக் கழட்டிட்டு இன்னொரு நூறு. ஒன்னு சனத்துக்கு, ஒன்னு சர்க்காருக்கு" என்றார். மாமா உட்கார்ந்தார். தேத்தண்ணி வந்தது.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். முசிறி போட்ட கட்டு சீக்கிரமே தீர்ந்துபோனது. தோட்டத்துத் துரைக்கும் சோமபாலவுக்கும் கொடுத்தது போக, மற்றக் கட்டு அப்படியே கிடந்தது. அவ்வளவு பயந்த அப்பாவே தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போய் முசிறியைத்தான் நீட்டியிருக்கிறார்! கேட்டால், "நம்ம ஆளுங்க கையில வெறும் தோட்டத்துப் பேரக் குடுக்க எப்பிடிடா மனசு வரும்?" என்றார்.

சில வருடம் கழித்து விண்ணப்பம் தள்ளுபடியானது. அதற்காக யாரும் எந்தப் பத்திரிகையையும் கேட்டுப் பார்க்கவில்லை. ஆனாலும் நாங்கள் இங்கேதான் இருக்கிறோம். என் பிள்ளைகள் டயகமவை ஊர் என்றே சொல்கிறார்கள். வாத்தியாராக இருந்தும் நான் அதைத் திருத்துவதில்லை.

மாமா இப்போது இல்லை. நானாவின் அச்சகம் இருந்த இடத்தில் செருப்புக் கடை வந்துவிட்டது. பத்திரிகைகளில் அந்த வரியும் மெல்ல நின்றுபோயிற்று. மிஞ்சிய கட்டின் வெற்றுப் பக்கங்களில்தான் என் மகள் 'அ' எழுதிப் பழகினாள். நானா விலையைக் குறைத்துப் போட்டும், ஊர் இல்லாத அந்த நூறு பத்திரிகைக்கு எங்களுக்குப் பன்னிரண்டு ரூபாய் ஆனது.