மிச்சம் ஐந்து மாதம்

என் அப்பாவுக்குச் சீனி வருத்தம் இல்லை என்று எழுதிக் கொடுத்தவள் நான். இருபது வருடமாக அவருக்கு அந்த நீரிழிவு இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஊரில் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும். கல்யாண வீடுகளில் அவருக்கு முன்னால் பாயாசம் வைக்கமாட்டார்கள். கனடாவில் ஒரு காகிதத்துக்கு மட்டும் தெரியாது.

அம்மா செத்த பிறகு அவரை ஒரு வருடத்துக்காவது இங்கே கூப்பிட வேண்டும் என்று நான்தான் ஒற்றைக் காலில் நின்றேன். பெற்றோர் நீண்ட காலம் வந்து தங்குவதற்கென்று ஒரு விசா உண்டு. அதற்குக் கூப்பிடுகிற பிள்ளையின் சம்பளம் இவ்வளவுக்கு மேலே இருக்கவேண்டும். அதோடு வருகிறவருக்கு ஒரு வருட மருத்துவக் காப்புறுதி முன்கூட்டியே வாங்கிக் காட்டவேண்டும். வாங்காவிட்டால் விசா இல்லை. உழைப்பு இருந்தால்தான் தகப்பனைக் கூப்பிடலாம், கூப்பிட்டால் உழைப்பில் மிச்சம் இராது. என்ன கண்டறியாத சட்டமோ.

நாங்கள் ஏழைகள் இல்லை. அதுதான் எங்களுக்குக் கேடு. வெக்ஸ்போர்ட்டில் ஒரு டவுன்ஹவுஸ், இரண்டு சம்பளம், ஒரு கார். இவர், என் மனுசன், பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், நான் ஒரு லொறிக் கொம்பனியில் பில் போடுகிறவள். உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் நீங்கள் தகுதிக்கு மேலே என்று கடிதம் வரும். வேலையிடத்து இன்சூரன்ஸ் கார்டில் மனுசன், மனுசி, பிள்ளை என்று மூன்று பெயருக்கு இடம் இருக்கிறது. பெற்ற தகப்பனுக்கு இடம் இல்லை. அந்தக் கார்டும் மகளின் பல்லுக் கம்பிக்குப் பாதிதான் கொடுக்கும். அவளுக்குப் பதின்மூன்று வயது, சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயைப் பொத்துவாள். கேட்டால், இற்ஸ் ஓகே அம்மா என்பாள். ஓகே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை இன்சூரன்ஸ் செய்கிற அண்ணை வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் லாப்டொப்பை விரித்தார். எங்கள் ஆள்தான், நல்ல மனுசன், இரண்டு தரம் தேத்தண்ணி குடித்தார். இருக்கிற வருத்தத்தையும் சேர்த்தால் ஒரு விலை, வருத்தமே இல்லாத ஆளென்றால் இன்னொரு விலை. இரண்டுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் ஏறக்குறையப் பல் டொக்டர் எங்களிடம் கேட்ட மிச்சப் பாதி. நான் அந்த இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"உந்தச் சீனி வருத்தத்தை எழுதினா விலை ஏறும், தங்கச்சி. எழுதாமல் விடுவமே?"

இவர் என்னைப் பார்த்தார். என்னுடைய தகப்பன் என்றபடியால் முடிவை என் தலையில் விட்டுவிட்டார். நான் தலையாட்டினேன். யாரும் என் தலையைப் பிடித்து ஆட்டவில்லை.

பிறகு அப்பாவுக்கு ஃபோன் எடுத்து, யார் கேட்டாலும் உங்களுக்குச் சீனி வருத்தம் இல்லை என்றுதான் சொல்லவேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அப்பா முப்பது வருடம் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்தவர். கோப்பில் ஒன்று ஏறிவிட்டால் அதன்பிறகு உலகம்தான் கோப்புக்கு ஏற்ற மாதிரி நடக்கவேண்டும் என்று நினைக்கிற ஆள். எழுதினது எழுதினதுதானே பிள்ளை, அதின்படியே நடக்கிறன் என்றார். அப்படியே நடந்தார். ஆறு மாதத்துக்கான மருந்துக் குளிசைகளையும் பெட்டியிலிருந்து உரித்தெடுத்து, ஒரு வெறும் கோப்பிப் போத்தலில் கொட்டி, மேலே வெந்தயம் போட்டு மூடிக் கொண்டுவந்தார். எயார்போட்டால் வந்த அன்றே அதைத் திறந்து காட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். என்ன கெட்டித்தனம் என்று இவரும் மெச்சினார்.

ஆறு மாதத்தில் போத்தல் அடிதட்டியது. புதிய குளிசைக்கு டொக்டர் எழுதவேண்டும், டொக்டர் எழுதினால் வருத்தம் எழுத்தில் ஏறும். இவருக்கும் சீனி வருத்தம், வேலையிடத்துக் கார்டில் குளிசை வருகிறது. எங்கள் சனம் குளிசை மாற்றிக்கொள்வதற்கு எப்போது டொக்டரைக் கேட்டிருக்கிறது? இவருடைய குளிசையை இரண்டு பேருக்கும் பங்கு போட்டேன். காலைக்கு இவர், இரவுக்கு அப்பா. இரண்டு பேருக்கும் அரை வைத்தியம். வீட்டுச் செலவைச் சமாளிக்கிறேன் என்று எனக்கு அதில் ஒரு பெருமை வேறு.

பனி கொட்டத் தொடங்கியதும் மலிவு விற்பனையில் அவருக்கு ஒரு சோடி பூட்ஸ் வாங்கினேன். அவருடைய அளவு முடிந்துவிட்டது. ஒரு அளவு சின்னதை எடுத்து, போடப் போட இளகும் அப்பா என்றேன். அவர் ஓம் என்று போட்டுக்கொண்டு தினமும் மோலுக்கு நடக்கப் போனார். இளகியது பூட்ஸ் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்க்கும்போது அவருடைய சொக்ஸில் மஞ்சளாக ஒரு கறை இருந்தது, மணத்தது. கேட்டேன். ஒண்டுமில்லைப் பிள்ளை, சின்ன உரசல் என்றார். பிடிவாதமாகச் சொக்ஸைக் கழற்ற வைத்தேன். வலது சின்ன விரலுக்குக் கீழே ஒரு சதக்காசு அளவில் தோல் இல்லை. நோகுதா என்றேன். இல்லை என்றார். அது உண்மைதான், அவருக்கு நோகவில்லை. சீனி வருத்தக்காரருக்குக் கால் நோகாவிட்டால்தான் பயப்படவேண்டும் என்பது எனக்குத் தெரியும். இவரோடு கூடப் போய் டொக்டர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

வோக்-இன் கிளினிக்கில் கைக்காசு கொடுத்தாவது காட்டியிருக்கலாம். இன்றைக்கு எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். அந்தக் காலைப் பார்க்கிற டொக்டர் நேரே எமர்ஜென்சிக்குத்தான் அனுப்புவார். அங்கே முதல் கேள்வியே எத்தனை வருடமாகச் சீனி என்றுதான் இருக்கும். பொய் எழுதினது பிடிபட்டால் காப்புறுதி ஒரு சதமும் தராது. ஒரு இரவு கட்டிலில் கிடந்தால் எங்கள் சேமிப்பு போய்விடும், ஒரு கிழமை கிடந்தால் வீட்டின் மேல் கடன் வாங்கவேண்டும். இப்படி யோசித்துத்தான் நான் மஞ்சள் பூசிக் கட்டுப்போட்டேன். கட்டாயம் என்று வாங்கிய காப்புறுதிதான் அப்பாவை ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகவிடாமல் மறித்தது. மறிக்கச் சொல்லிக் கையெழுத்து வைத்தவள் நான்.

இன்சூரன்ஸ் அண்ணைக்கு ஃபோன் எடுத்துச் சுற்றிவளைத்துக் கேட்டேன். காலைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர்தான் சொன்னார், வந்தவர் வருடம் முடிய முன்னர் திரும்பிப் போனால் மிச்ச மாதங்களின் காசைத் திருப்பித் தருவார்கள், ஆனால் அதுவரை அதில் ஒரு கிளெயிமும் போட்டிருக்கக் கூடாது, போனதற்குச் சாட்சியாக போர்டிங் பாஸும் பாஸ்போட்டில் குத்தின சீலும் காட்டவேண்டும். ஃபோனை வைத்ததும் மனதில் முதலில் வந்தது அப்பாவின் கால் இல்லை. மிச்சம் ஐந்து மாதம் என்பதுதான் வந்தது. மகளின் பல்லுக்கு அந்தக் காசு காணும்.

ஊரில் ஆஸ்பத்திரி இலவசம்தானே அப்பா என்றேன். நல்ல டொக்டர்மார், உங்கள் சொந்த மொழி, தம்பியும் பக்கத்தில் என்றேன். காசு திரும்பி வரும் விஷயத்தையும் சொன்னேன், அது அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று. உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். தன்னால் பேத்தியின் பல்லுக்கு ஆகட்டும் என்றார். அடுத்த கிழமையே ரிக்கெற் போட்டோம். எயார்போட்டில் சக்கர நாற்காலி கேட்டு வைத்திருந்தேன். அப்பா வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். ஏன் நாற்காலி என்று யாராவது கேட்டுப் பதிந்துவிடுவார்களாம். அந்த நீளத்தையும் அவர் நொண்டாமல் நடந்தார். திரும்பிப் பார்த்து, போர்டிங் பாஸ் வைத்த சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

வீடு போய்ச் சேர்ந்த அன்றே படங்கள் வட்ஸ்அப்பில் வந்தன. போர்டிங் பாஸ் முன்னும் பின்னும், பாஸ்போட் சீல். மேசை விரிப்பில் நேராக வைத்து எடுத்திருந்தார், ஒன்றில் அவருடைய பெருவிரல் தெரிந்தது. காலைக் காட்டினீங்களா என்று கேட்டேன். காட்டுறன், காட்டுறன் என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஃபோனில் ஒரே கேள்விதான். காசு வந்ததோ பிள்ளை? இல்லை அப்பா. அடுத்த ஞாயிறும் வந்ததோ? எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. தம்பி அப்போதுதான் வீட்டுக் கூரை மாற்றவேண்டும் என்று மூக்கால் அழுதுகொண்டிருந்தான். அவன்தான் அப்பாவைத் தூண்டிவிடுகிறான் என்று முடிவு கட்டினேன். வெளிநாட்டில் காசு மரத்தில் காய்க்கிறது என்று நினைக்கிற கூட்டம் என்று இவரிடம் திட்டினேன். கால் எப்படி என்று நான் கேட்பேன். இருக்குது என்பார். அந்தப் பதிலோடு விட்டுவிடுவேன்.

ஆறாவது கிழமை, வெள்ளிக்கிழமை, காசோலை வந்தது. நிர்வாகச் செலவென்று கொஞ்சம் வெட்டியிருந்தார்கள். அன்று பின்னேரமே பல் டொக்டரிடம் நாள் எடுத்தேன். ஞாயிறு அப்பா கேட்டார், வந்ததோ பிள்ளை? இன்னும் இல்லை என்றேன். அடுத்த ஞாயிறும் கேட்டார். குரல் மெலிந்திருந்தது, இரண்டு தரம் என்ன என்ன என்று கேட்கவேண்டி இருந்தது. இல்லை அப்பா, வந்தால் நான் சொல்லமாட்டேனா, ஏன் உங்களுக்கு இவ்வளவு அவசரம் என்று சுள்ளென்று விழுந்தேன். அந்த நேரம் மகள் வாயில் கம்பியோடு பக்கத்தில் இருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை வேலையில் இருக்கும்போது தம்பி ஃபோன் எடுத்தான். முதல்நாள் அப்பா காய்ச்சலில் நினைவில்லாமல் விழுந்துவிட்டார். வான் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கால் கறுத்து மேலே ஏறிவிட்டதாம், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் தம்பி மேல் பாய்ந்தேன். கண் இல்லையா உனக்கு, இரண்டு மாதமாக அந்தக் காலை வைத்து என்ன பார்த்துக்கொண்டு இருந்தாய் என்று கத்தினேன். கூட வேலை செய்கிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் நான் கத்தி முடியும்வரை பொறுத்திருந்தான்.

"நான் கூப்பிடாத நாள் இல்லை அக்கா. வரமாட்டன் எண்டு நிண்டவர். இஞ்ச பேர் பதிஞ்சா சீனி வருத்தம் வெளியில வந்திடும், கனடாவில காசை மறிச்சுப்போடுவாங்கள், அக்கான்ர காசு வரட்டும், வந்த அண்டைக்கே போவம் எண்டு சொல்லிச் சொல்லியே கிடந்தவர். காலைப் பாக்க விடேல்லை. பத்து நாளைக்கு முதல் கொண்டுவந்திருந்தா விரலோட போயிருக்குமாம், டொக்டர் பேசுறார்."

மேசையில் கிடந்த நாள்காட்டியில் விரலை வைத்துப் பின்னால் எண்ணினேன். பத்தாவது நாள் அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. வெட்கம் என்று சொன்னால் அது சின்னச் சொல். மிச்ச பில்லையும் போட்டேன். தம்பிக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. இவருக்கும் சொல்லவில்லை, ஆனால் காசோலை வந்த திகதி இவருக்குத் தெரியும். அன்றிலிருந்து இவர் தன் குளிசையைத் தானே எடுத்துப் போடுகிறார், என்னிடம் கேட்பதில்லை.

சனிக்கிழமை தம்பி ஃபோனை அப்பாவின் காதில் வைத்தான். மூச்சு வாங்குவது கேட்டது. அப்பா, நான் என்றேன். எப்படி இருக்கிறீங்கள் என்று என்னால் கேட்க முடியவில்லை. அவர்தான் கேட்டார்.

"வந்திட்டுதே பிள்ளை?"

ஓம் அப்பா என்றேன். எப்ப வந்தது என்றார். உண்மையைச் சொல்ல எனக்கு அந்த ஒரு நிமிடம் கிடைத்தது. அவர் அழுதிருப்பார், அல்லது ஒன்றும் சொல்லாமல் ஃபோனைத் தம்பியிடம் கொடுத்திருப்பார். இரண்டையும் தாங்க நான் தயாராக இல்லை. திங்கட்கிழமை வந்தது என்றேன்.

அப்பா நாட்களை எண்ணுகிறார் என்பது எனக்கு விளங்கியது. கச்சேரியில் கோப்பு எண்ணுகிற மாதிரி மெல்ல முணுமுணுத்தார். பிறகு குரலில் ஒரு தெம்பு வந்தது.

"செவ்வாய்க்கிழமைதான் என்னை இஞ்ச பதிஞ்சது. அப்ப ஒரு நாள் முந்தி வந்திட்டுது. பாத்தியே பிள்ளை, நான் பொறுத்தது நல்லதாப் போச்சு."

ஓம் அப்பா, நல்லதாய்ப் போச்சு என்றேன்.