இன்ஜினை நிறுத்தினால் ஓய்வு

பணி ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த வேலை, மற்றவர்கள் ஓய்வெடுக்கிறார்களா என்று பார்ப்பது. குளுவாங்கில் ஒரு லோரிக் கம்பெனி. சுவரில் பெரிய திரை. அதில் ஜிபிஎஸ் கருவி பொருத்திய பதினேழு லோரிகளுக்குப் பதினேழு புள்ளிகள். நான்கு மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு எடுக்க வேண்டும். எடுத்தால் பச்சை, எடுக்காவிட்டால் சிவப்பு. காலையில் வந்ததும் புள்ளிகளை எண்ணுவேன். பதினாறுதான் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

ஓட்டுநர்கள் என்னைக் கிராணியார் என்பார்கள். தோட்டத்தில் கணக்கெழுதியவரை அப்படித்தான் அழைப்பார்கள். நான் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவன் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

ஓய்வு என்பதை அந்தக் கருவி ஒரே விதமாகத்தான் அறியும். இன்ஜின் நின்றால் ஓய்வு, ஓடினால் வேலை.

ஒரு நாள் மதியம், மூவாரிலிருந்து மேசை நாற்காலி ஏற்றிப் பினாங்குக்குப் போன லோரி, தாப்பா ஓய்விடத்தில் அசையாமல் நின்றது. ஆனால் சிவப்பு. அதன் ஓட்டுநருக்கு அந்த மாதம் ஏற்கெனவே ஒரு சிவப்பு விழுந்திருந்தது. இரண்டாவது விழுந்தால் ஒரு வாரம் லோரி கிடையாது. பதறிப்போய் அழைத்தேன்.

"தம்பி, இன்ஜினை நிறுத்துங்க."

"நிறுத்தினா ஏர்கோன் நின்னுடும் கிராணியாரே. இந்த வெயில்ல உள்ள வெந்துடுவேன். நல்லா தூங்கிட்டிருந்தேன், எழுப்பிட்டீங்க."

"தூங்க வேணாம்னு யாரு சொன்னா? ஓய்வு எடுங்கன்னுதான் சொல்றேன்."

"கண்ணு செருகுது. நீங்களே சொல்லுங்க. பச்சையா ஓட்டட்டுமா, தூங்கிட்டு ஓட்டட்டுமா?"

பினாங்குக்கு இன்னும் இருநூறு கிலோமீட்டர். அதில் எத்தனை வளைவுகள் என்று எண்ணத் தொடங்கினேன், முடியவில்லை.

"தூங்குங்க" என்றேன்.

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார். மறுநாள் மேனேஜர் திரையைக் காட்டினார். "ரெண்டாவது சிவப்பு லா, அங்கிள்."

"அவர் தூங்கினார்."

"சிஸ்டத்துல தூக்கம்னு ஒண்ணு இல்லையே."

ஓய்வில்லாமல் ஓட்டிய குற்றத்துக்காக, தூங்கியவருக்கு ஒரு வாரம் லோரி நிறுத்தப்பட்டது. சம்பளமும் இல்லை.

ஐந்தாம் நாள் தங்காக்கில் வேட்டி வாங்கப் போனேன். கடை வாசலில் ஒரு பழைய லோரியிலிருந்து அவர் துணி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"என்ன தம்பி, வீட்ல இருக்கலையா?"

"வீட்ல இருந்தா யாரு சோறு போடுவா? இந்த லோரில ஜிபிஎஸ் இல்ல கிராணியாரே. அஞ்சு நாளா ஒரே ஓட்டம்தான்."

வாரம் முடிந்து அவர் வேலைக்கு வந்த காலை, மேனேஜர் அவர் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு மகிழ்ந்துபோனார்.

"பாருங்க அங்கிள், ஏழு நாளும் முழுப் பச்சை. இன்னிக்குப் பினாங்கு டிரிப்பை இவருக்கே குடுத்துடலாம். நல்லா ஓய்வெடுத்த ஆளு."

ஓட்டுநர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தால் அவருக்கு இன்னொரு வாரம் ஓய்வு கிடைக்கும். திறக்கவில்லை.