தளபதியின் மேசையில் பூத்தட்டு

எங்கள் பக்கத்தில் முதல் தடவை பெண் பார்க்க வீட்டுக்கு வரமாட்டார்கள். பிடிக்காமல் போனால் தெருவுக்கே தெரிந்துவிடும். கோயிலில் தற்செயலாகச் சந்திப்பதுபோல் சந்திப்பதுதான் வழக்கம். திருச்சுழிக் கோயிலுக்குத் தெரிந்தவர்கள் யாராவது வந்துவிடுவார்கள் என்று தரகர் அருங்காட்சியகத்தைச் சொன்னார். படைத்தளபதியாக இருந்து பிறகு மந்திரியான ஒருவருக்காக அருப்புக்கோட்டை மெயின் ரோட்டில் கட்டியது. திறப்பு விழாவுக்குப் பிறகு அங்கே யாரும் போவதில்லை. ரகசியத்துக்கு அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எம்.ஏ. வரலாறு, அதன்மேல் பி.எட். விருதுநகரில் ஒரு பள்ளியில் திங்கட்கிழமை வேலைக்குச் சேர வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் அதற்குச் சம்மதிக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை. அதைப் பேசும் பொறுப்பைத் தரகர் ஏற்றுக்கொண்டு, அன்றைக்கு வராமலே இருந்துவிட்டார்.

மாப்பிள்ளை கண்ணாடிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக எனக்கு விளக்கினார். தளபதியின் பூட்ஸைக் காட்டி, பூட்ஸ் என்றார். தொப்பியைக் காட்டி, தொப்பி என்றார். எம்.ஏ.வில் எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகப் பாடம் நடத்தியதில்லை.

அவருடைய அம்மாவுக்குக் கால் வலி. நடுக்கூடத்தில், தளபதி எதிரிகளோடு சமாதானம் பேசிய மேசையும் நாற்காலிகளும் கயிறு கட்டி வைக்கப்பட்டிருந்தன. கயிறு கூட்டத்துக்காக, இங்கேதான் கூட்டம் இல்லையே என்று தாண்டிப் போய் உட்கார்ந்தார். மல்லிகையும் பழமும் இருந்த தட்டை மேசைமேல் வைத்தார். என்னைப் பிடித்துவிட்டது, பூ வைத்துவிட்டுத்தான் போவார் என்று அதற்குப் பொருள். எதிர் நாற்காலியின் நுனியில் என் அப்பா பணிவாக உட்கார்ந்தார்.

"படிச்ச புள்ளதான் வேணும்னு இருந்தோம். நாளைக்குப் பேரன் பேத்திக்குச் சொல்லிக்குடுக்கும்ல. வேலைக்கெல்லாம் போக வேணாத்தா, எங்க வீட்டுல என்ன கொறை?" என்றபடி மாப்பிள்ளையின் அம்மா பூச்சரத்தைக் கையில் எடுத்தார்.

மாப்பிள்ளையைப் பார்த்தேன். தளபதி குதிரைமேல் இருக்கும் படத்தை அவர் உற்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"திங்கக்கிழமை வேலையில சேரப் போறேன் அத்தை. அதுக்குச் சம்மதம்னா பூ வைங்க."

அவர் மகனைப் பார்த்தார். மகன் அடுத்த படத்துக்கு நகர்ந்தார். வீட்டில் கலந்து சொல்கிறோம் என்று அந்த அம்மா சரத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். அப்படிச் சொன்னவர்கள் யாரும் பிறகு சொல்லி அனுப்பியதில்லை.

அதற்குள் காவலாளி தூக்கம் கலைந்து ஓடிவந்து, தொடக்கூடாத மேசை என்று எல்லோரையும் எழுப்பிவிட்டார். தளபதி அதில் ஒரு போரையே முடித்தாராம். அவரோடு சமாதானம் பேச வந்தவர்கள் வாய்திறந்து பேசியிருப்பார்கள்.

ஊர் திரும்ப எம்.ரெட்டியபட்டி பஸ்ஸில் ஏறும்வரை அப்பா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். கோபம் என்றே நினைத்தேன். ஜன்னலோரத்தை எனக்கு விட்டு உட்கார்ந்தபிறகு கேட்டார்:

"காலையில விருதுநகருக்கு எத்தன மணிக்குத்தா பஸ்ஸு?"